மடுவத்துத் தராசும் என் அக்காவின் நெற்றியும்

மனித மூளையின் முன்பக்கத்துக்கு வரைபடம் போடுகிற வேலை எனக்கு. கேட்கப் பெரிதாக இருக்கும். ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், ஏசி போட்ட அறைக்குள் உட்கார்ந்து, ஸ்கேன் படங்களில் எந்த மடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை கீறிக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான். ஊரில் யாராவது கேட்டால் "கம்பியூட்டர்ல வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன்.

நெற்றிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பகுதி ஒரே துண்டு இல்லை. வெளிப்பக்கம் ஒரு காரியத்தை மனதில் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்ததைத் திட்டம் போடும். இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்க்கிற உட்பக்கம் ஒரு வேலையைத் தொடங்கத் தூண்டும், பிழை நடந்தால் உறுத்தும். கண்குழிகளுக்கு மேலே படுத்திருக்கிற அடிப்பக்கம், இதைச் சொன்னால் என்ன ஆகும், செய்தால் என்ன ஆகும் என்று யோசித்து வாய்க்கும் கைக்கும் பிரேக் போடும். எல்லாவற்றுக்கும் முன்னால் இருக்கிற முனை, பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்லும். இதெல்லாம் வேலி அடைத்த மாதிரி தனித்தனியாக இல்லை. ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கிறது, எங்கே கோடு போடுவது என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் கலர் பூசி வெளியிடுகிற படம் நிறையப் பேருடைய மூளைகளைச் சேர்த்து எடுத்த சராசரி. அந்தச் சராசரிக்குள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த ஒரு மூளையாவது இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். எல்லாரும் அது நல்ல கேள்வி என்றார்கள். அதற்குப் பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இந்தப் படங்களோடேயே பொழுதைக் கழிக்கிற எனக்கு, என் சொந்த அக்காவின் நெற்றிக்குள் என்ன நடந்தது என்று தெரிய அத்தனை காலம் பிடித்தது. அதற்கு நான் வெட்கப்பட மாட்டேன். அதைத் தெரியவிடாமல் வைத்திருந்தது தோட்டம்.

பதுளையிலிருந்து லுணுகலை போகிற ரோட்டுக்கு மேலே எங்கள் தோட்டம். அக்கா கொழுந்து எடுக்கிறாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருக்கிறார், தீபாவளிக்கும் தேருக்கும் வருவார். இரண்டு பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போகின்றன. வீட்டில் அக்காவின் பெயர் மட்டும்தான் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் இருக்கிறது. அந்தப் பெயரை வெட்டிவிட்டால் தோட்டம் கொடுத்த காம்பராவும் போய்விடும், இது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு எனக்குத்தான். அக்கா சாது. யார் என்ன சொன்னாலும் "சரி விடு" என்பாள். எனக்கு அந்த "சரி விடு"வைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மழை நாள் ஒன்றில் கொழுந்து மூட்டையோடு படியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தாள். நெற்றி போய்த் தண்ணீர் ஓடுகிற கானோரத்துக் கல்லில் மோதியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தையல் போட்டுப் பெனடோல் கொடுத்து அனுப்பினார்கள். தையல் பிரித்ததும் மலைக்கு ஏறிவிட்டாள். கொழுந்து முன்பு போலவே எடுத்தாள். நடந்தாள், பேசினாள், பெயர் கேட்டால் பெயர் சொன்னாள். ஆள் நன்றாக இருக்கிறாள் என்று தோட்டம் முடிவு கட்டிவிட்டது.

வீட்டில் நடந்தது வேறு கதை. உலையை வைத்துவிட்டுத் தண்ணி பிடிக்கப் பீலிக்குப் போனால் அங்கேயே பேசிக்கொண்டு நிற்பாள், சோறு கருகிக் கிடக்கும். துணியை நனைத்துவிட்டு மறந்துபோவாள். பிள்ளைகளுக்கு எடுத்து வைத்த ரொட்டியை அவளே தின்றுவிட்டு, பிள்ளைகள் கேட்டால் "பசிச்சிச்சு, தின்னுட்டேன்" என்பாள். பக்கத்து லயத்தில் ஒரு பெண்ணின் புருஷன் செத்துப்போனான். குடித்துவிட்டு அவளைப் போட்டு அடிக்கிறவன். துக்கத்துக்குப் போன அக்கா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இனிமே அடி விழாது, நிம்மதியா தூங்கு" என்றாளாம். அதன் பிறகு அக்காவுக்குத் திமிர் என்று பேச ஆரம்பித்தார்கள். பிற்பாடு கொழும்பிலிருந்து அவள் புருஷனும் என்னிடம் போனில் அதையேதான் சொன்னார். "ஒங்க அக்காவுக்குத் திமிரு ஏறிப்போச்சு. நான் இல்லாத தைரியம்."

திமிர்! நெற்றி எலும்பில் விரல் வைத்தால் இன்னும் பள்ளம் தட்டுப்படுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே திமிர் என்கிறார்கள்.

எனக்கு இந்தச் செய்தியெல்லாம் வந்தது தராசுப் பிரச்சினை நடந்த பிறகுதான். கொழுந்து நிறுக்கிற கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். மேலே தராசு தொங்கும், கொக்கியில் மூட்டையை மாட்டுவார்கள், முள் ஓடி நிற்கிற இடத்தைப் பார்த்து பீல்ட் ஒஃபீசர் எழுதுவார். எழுதுகிற நேரத்தில் அவருடைய முழங்கால் மெதுவாக மூட்டைக்கு அடியில் போகும். வேறொன்றும் இல்லை, சும்மா அப்படிச் சாய்ந்து நிற்கிறார். மூட்டையின் பாரத்தில் கொஞ்சம் முழங்காலில் இறங்கிவிடும், முள் கீழே வராது. எங்கள் அம்மா கொழுந்து எடுத்த காலத்திலும் ஒரு முழங்கால் இருந்தது. அப்போது அது வேறு ஆளுடையது. மடுவத்தில் வரிசை நிற்கிற ஒவ்வொரு பெண்ணும் அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அக்கா நகரவில்லை. "ஐயா, மொழங்கால எடுங்க" என்றாள். அவர் காதில் விழாத மாதிரி நின்றார். அக்கா குனிந்து, அவருடைய முழங்காலில் பட்டென்று ஒரு தட்டுத் தட்டி, "எடுங்கன்னு சொல்றேன், களவாணி" என்றாள். அத்தனை பேருக்கும் முன்னால்.

மறுநாள் பெரட்டில் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். பெரட்டு என்றால் காலையில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, யார் யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற இடம். அக்கா தயங்காமல் முன்னுக்குப் போய் நின்றாள். "மன்னிச்சுக்கங்க ஐயா. இன்னைக்கு நிறுக்கையில மொழங்கால வைக்காதீங்க" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேலை கொடுக்கவில்லை. விசாரணை இருக்கிறது, அதற்குப் பிறகு பெயர் வெட்டப்படும் என்று ஒஃபிஸிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

நான் லீவு போட்டுவிட்டு ஓடினேன். அக்கா வாசலில் உட்கார்ந்து என் பையைத் திறந்து, பிஸ்கட்டை எடுத்துத் தின்றுகொண்டே முழுக் கதையையும் சொன்னாள். கவலையே இல்லை அந்த முகத்தில். காம்பரா போய்விடும் என்றேன். "ஆமா, போயிரும்" என்றாள். பிள்ளைகளோடு எங்கே போவாய் என்றேன். "தெரியலயே" என்று இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. காம்பரா போய்விடும் என்று அவளுக்குத் தெரிகிறது, அந்தத் தெரிதல் அவளுக்கு உறைக்கவில்லை. நான் தினமும் கலர் பூசுகிற இடம் அது. கண்குழிக்கு மேலே.

பதுளை டவுனில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் ஒரு கிளினிக்குக்கு நரம்பு டொக்டர் ஒருவர் வருவார். சிங்களவர், நல்ல மனுஷர், தமிழும் ஓரளவு பேசுவார். ஸ்கேன் எடுத்துக்கொண்டு போனோம். நெற்றிக்குப் பின்னால் அடிப்பக்கத்தில் ஒரு தழும்பு தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு அக்காவைச் சோதித்தார். நான் ஒருதரம் தட்டினால் நீங்கள் இரண்டுதரம் தட்டுங்கள் என்றார், தட்டினாள். கையை மூடி, ஓரமாக வைத்து, விரித்துக் காட்டச் சொன்னார், காட்டினாள். எண்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க", "செய்றேங்க" என்று பணிவு வேறு.

"தழும்பு இருக்கு. ஆனா வேலை எல்லாம் நல்லா செய்யுது" என்றார் டொக்டர். "தழும்பு இருக்கிறத்துக்காக நான் நோய்ன்னு எழுத முடியாதுதானே."

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. டொக்டர் மேல் இல்லை. அவர் மேசைக்கு எதிரில் முதுகு வளைந்து, கைகளை மடியில் வைத்து, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்த என் அக்காவைப் பார்த்தேன். இவள் காலம் முழுக்க இப்படித்தானே உட்கார வைக்கப்பட்டிருக்கிறாள்! காலையில் சங்கு ஊதினால் எழும்பு. பெரட்டுக்கு வா. இந்த மலைக்குப் போ. இந்த நிரையைப் பிடி. இப்போது நிறு. இப்போது தின்னு. திட்டம் போடுவது, தொடங்குவது, நிறுத்துவது எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய நெற்றி. கை மட்டும் இவளுடையது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருத்திக்கு நெற்றிமூளை கெட்டால் யாருக்குத் தெரியும்? கொழுந்து குறையாதவரை யாருக்கும் தெரியாது. இங்கே டொக்டரும் என்ன செய்கிறார், தட்டு, மூடு, விரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு கங்காணி வேலையைச் செய்துவிட்டு, வேலை ஒழுங்காக நடக்கிறது என்கிறார்.

இதை அவரிடமே சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பேன், வெளியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டொக்டர் கோபப்படவில்லை. பேனையை மூடிவிட்டு, "அப்ப எப்பிடிப் பார்க்கிறது?" என்றார்.

"உத்தரவு போடாம பாருங்க" என்றேன்.

அக்காவிடம் கொஞ்சம் காசு கொடுத்தோம். கீழே போய் ஒரு கட்டு வெற்றிலை வாங்கு, பிள்ளைகளுக்கு ஒரு பென்சில் வாங்கு, பின்னேரத்து லுணுகலை பஸ் எத்தனை மணிக்கு என்று கேள், எது முதலில் எது பிறகு என்பது உன் இஷ்டம், முடிந்ததும் மேலே வா. திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிசகாமல் சொன்னாள். டொக்டரும் நானும் ஜன்னலில் நின்றோம்.

நேரே வெற்றிலைக் கடைப்பக்கம்தான் நடந்தாள். கடைக்குப் போகிற வழியில் வளையல் தள்ளுவண்டி. நின்றாள், கையில் போட்டுப் பார்த்தாள், இரண்டு ஜோடி வாங்கினாள். ஒரு தெரிந்த பெண்ணோடு பேசினாள். பேசிக்கொண்டே அந்தப் பெண்ணோடு நடந்தாள். பஸ்ஸுக்கு வரிசை நின்றது, இவளும் வரிசையில் நின்றாள். பஸ் வந்தது, ஏறினாள். வெற்றிலை இல்லை, பென்சில் இல்லை, மாடியில் நாங்கள் இரண்டு பேர் காத்திருக்கிற நினைப்பும் இல்லை. நான் படியில் விழுந்தடித்து இறங்கி, பஸ்ஸின் பக்கவாட்டில் கையால் அறைந்து நிறுத்தினேன். கண்டக்டர் என்னைத் திட்டினான்.

"எதுக்கு ஏறுன?" என்றேன்.

"பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்." கையை நீட்டி வளையலைக் காட்டினாள். "ஒனக்கும் ஒரு ஜோடி வாங்கியிருக்கேன்."

நடுரோட்டில் நின்று அழுதேன். என் ஒரு கையில் அவள் வளையலை மாட்டிக்கொண்டிருந்தாள்.

டொக்டருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மெடிக்கல் சர்ட்டிபிகேட் எழுத உட்கார்ந்தார். அங்கேதான் எனக்கு இரண்டாவது சண்டை. விழுந்த அடியில் நெற்றிமூளை பாதிக்கப்பட்டு, பேச்சைக் கட்டுப்படுத்துகிற சக்தி குறைந்துவிட்டது, நடத்தைக்கு அவரைப் பொறுப்பாக்கக் கூடாது, வேலை மேற்பார்வையோடு செய்யலாம் என்று எழுதினார். எல்லாம் சரி. பெயரைக் காப்பாற்ற இது போதும். ஆனால் இதைத் தூக்கிக்கொண்டு போய் ஒஃபிஸில் கொடுத்தால் என்ன ஆகும் என்று என் நெற்றி எனக்குச் சொல்லிவிட்டது. அடிபட்டவள் உளறினாள் என்று ஆகும். முழங்கால் தப்பிவிடும்.

"டொக்டர், அவ பொய் சொல்லலன்னும் எழுதுங்க" என்றேன்.

"இந்த மாதிரி அடியில சில பேர் நடக்காததையும் நடந்ததுன்னு சொல்லுவாங்க" என்றார். நியாயமான சந்தேகம்தான். அவரே அக்காவிடம் அன்று காலையிலிருந்து நடந்ததையெல்லாம் கேட்டார். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், வழியில் எங்கே நின்றது, நான் யாரோடு சண்டை போட்டேன் என்பது வரை அக்கா ஒப்பித்தாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பார்க்கிற இடமும் ஞாபகம் வைக்கிற இடமும் மூளையில் வேறு. அடிபட்டது, பார்த்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற இடம் மட்டும்தான். இவள் கண்டதைத்தான் சொல்கிறாள். நமக்கெல்லாம் இருக்கிற பூட்டு இவளுக்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டொக்டர் பேனையை மறுபடி எடுத்தார். ஞாபகசக்தி நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தார். "தராசு என்னோட சப்ஜெக்ட் இல்லதானே, மிஸ்" என்றார்.

ஒஃபிஸில் தோட்ட மேனேஜர், எங்கள் பெரிய தொரை, மெடிக்கலைப் படித்த விதத்தைப் பார்க்க வேண்டும். முகம் மலர்ந்துவிட்டது மனுஷருக்கு. நாற்காலி போடச் சொன்னார். "அட பாவம். மூளையில அடியா? நமக்குத் தெரியாதுதானே. இனி விசாரணை ஒண்ணும் வேணாம். பேர் அப்பிடியே இருக்கட்டும்." நான் அந்த ஞாபகசக்தி வரியைக் காட்டினேன். பார்க்கிற இடம் வேறு, பேச்சை அடக்குகிற இடம் வேறு என்று, படம் கீறிக்கூடக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் ஒரே மண்டைக்குள்ளதானே மிஸ்" என்று சிரித்து, டீ வரவழைத்தார். காம்பரா தப்பியது. பிள்ளைகளுக்குக் கூரை தப்பியது. அந்த டீயை நான் குடித்தேன்.

மறுநாள் காலை அக்காவோடு பெரட்டுக்குப் போனேன். பீல்ட் ஒஃபீசர் கோட்டு மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, கலியாண வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினார். "இவங்களுக்கு மூளையில ஒரு பாகம் வேல செய்யலயாம். பெரிய டொக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு. அதுனால இவங்க என்னா பேசுனாலும் யாரும் மனசுல எடுக்க வேணாம். மடுவத்துல பேசுனதும் அதுதான். நானும் மனசுல எடுக்கல." பெண்கள் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒருத்தி வந்து அவள் தலையைத் தடவினாள். அதே பெண், முந்தின நாள் லயத்தில் என்னிடம், "ஒங்க அக்கா சொன்னதுல என்னா தப்பு, நாங்களுந்தான் பாக்குறோம்" என்று காதோடு சொன்னவள்.

நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் அது. பின்னேரம் நிறுவை முடியட்டும் என்று தங்கிவிட்டேன். மடுவத்துக்குப் போய்த் தூணோரமாக நின்றேன். மழை விட்டு, கொழுந்தெல்லாம் ஈரமாக இருந்தது. மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கொக்கியில் ஏறின. முழங்கால் தன் பாட்டுக்குப் போய் வந்தது. அக்காவின் முறை வந்தது. மூட்டை ஏறியது, முழங்கால் போனது.

"ஐயா, மொழங்காலு" என்றாள் அக்கா, மழை பெய்யுது என்கிற மாதிரி.

"ஆமாங்க ஆமாங்க" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்கிற குரலில். முழங்காலை எடுக்கவுமில்லை. முன்பெல்லாம் யாராவது உற்றுப் பார்த்தால் கொஞ்சமாவது பின்னுக்கு இழுப்பாராம். இப்போது அந்த வெட்கமும் போய்விட்டது. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்தவள் நான், படித்து, எல்லை கீறி, டொக்டரோடு சண்டை பிடித்து.

எனக்குப் பொறுக்கவில்லை. வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஐயா, எனக்கு நெத்தியில அடி படல. ஸ்கேன் வேணும்னாலும் எடுத்துக் காட்டுறேன். நானும் பாத்தேன். ஒங்க மொழங்கால எடுங்க."

திரும்பிப் பெண்களைப் பார்த்தேன். "நீங்க பாக்கலயா? ஒருத்தராவது சொல்லுங்களேன்" என்றேன். தலையைத் தடவியவள் தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தராசையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

பீல்ட் ஒஃபீசர் அவசரப்படவில்லை. முள்ளைப் பார்த்தார், எழுதினார், பேனையைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு என்னைப் பார்க்காமல், வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"குடும்பத்துக்கே இருக்கு போல."

பின்னாலிருந்து யாரோ ஒருத்தி அவருக்குக் கேட்கட்டும் என்று சிரித்தாள். அதன் பிறகு வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா எல்லாருடைய முகத்தையும் ஒருதரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளும் சிரித்தாள், எல்லாரையும் விடச் சத்தமாக.